தவிட்டுக்குக் குடுத்த மகள்

1

எனக்கு வயசு அறுபத்திரண்டு. பெத்தது ஏழு, வளத்தது நாலு. ஊரை விட்டு இந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து இருபத்திரண்டு வருசம் ஆகிறது. கொழுந்து பறிச்சு முதுகு கூனின பிறகு என்னைப் பிள்ளைக்காம்பராவில் போட்டாக. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற தகரக் கொட்டகைக்கு இங்கன அதுதான் பேர். எட்டு வருசமாக அங்கன நான்தான் ஆயா. அடுத்தவள் பெத்து நான் தொட்டில் ஆட்டினது எத்தனை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பிள்ளை வளர்ப்பைப் பத்தி என்னிடம் யாரும் வாய் குடுக்க மாட்டாக. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. போன மாசம் வரைக்கும் இருந்தது.

என் பேர் ஒச்சம்மாள். இந்த எழுத்து, என் மூத்த மகன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் எழுதிப் பழகினபோது பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டது. ஒரு பக்கம் எழுத எனக்கு மூணு நாள் ஆகும். அதனால் படிக்கிறவர்களும் அவசரப்படக் கூடாது. சின்னமனூருக்கு மேற்கே எங்கள் ஊரில் இருக்கிற பொம்பளைகளுக்காக எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்க.

இந்த நாட்டுச் சர்க்கார் புதுசாகச் சட்டம் போட்டிருக்கிறது. தோட்டத்து ஆளுகள் இந்த நாட்டுக்காரர்களாக இருக்கணும் என்றால் மனு எழுதிக் குடுத்து நிரூபிக்கணும். எந்த வருசம் வந்தாய், அப்பன் யார், ஆத்தாள் யார், பிறந்த சீட்டு எங்கே என்று ஆயிரம் கேள்வி. நம்ம ஊரில் பிள்ளை பிறந்தால் சீட்டா வைத்துக்கொண்டோம்? வாய்க்காலில் தண்ணி பிந்தித் திறந்த வருசம், ஊரெல்லாம் அம்மை போட்ட வருசம் என்றுதான் சொல்வோம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இங்கன குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை.

போன மாசம் நானும், என் மூத்த மகள் தவிட்டம்மாளும், அவள் புருசனும் பஸ் ஏறி அந்த ஆபீசுக்குப் போனோம். என் மனு முடிந்தது. மருமகன் மனு முடிந்தது. அடுத்து மகள். குமாஸ்தா சிங்களத்து மனுசர். தமிழ் பேசுவார். நல்ல மனுசர்தான்.

"பேரு?"

"தவிட்டம்மா."

"அப்பா பேரு?"

"வீரணன்."

"அம்மா பேரு?"

"பாத்துமா."

குமாஸ்தா பேனாவைத் தூக்கினார். "என்ன பேரு?"

"பாத்துமா பீவி."

நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு இருக்கிறேன்.

பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தன், "செத்துப்போன வீரணன் மாமா சொல்லவே இல்லையே, ராவுத்தர் வீட்டுலயும் பொண்ணு கட்டுனத!" என்றான். வரிசையே சிரித்தது.

குமாஸ்தா தோட்டத்துப் பதிவின் நகலைத் திருப்பிக் காட்டினார். "இங்க ஒச்சம்மா இருக்கு. நீ வேற பேரு சொல்றது. ரெண்டும் ஒண்ணா இல்லே. அடுத்த மாசம் வாங்க. அப்பவும் சரியா இல்லேன்னா இந்த மனு தள்ளுபடி ஆகும்."

மருமகனுக்கும் பிள்ளைகளுக்கும் கடுதாசி கிடைத்து இவளுக்குக் கிடைக்காமல் போனால், இவளை மட்டும் பிரித்துக் கப்பலேற்றி விடுவார்கள் என்று தோட்டமெல்லாம் பேச்சு. ஊரில் இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

பஸ்ஸில் கேட்டேன். "ஏண்டி அப்படிச் சொன்ன?"

"வாயில வந்துச்சு, சொன்னேன்."

"என் பேரு வாயில வரலையா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். "வரல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ரெண்டு திட்டுத் திட்டியிருப்பேன். மணி என்ன என்று கேட்டதுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

2

பாத்துமா யார் என்று நம்ம ஊரில் வயசானவர்களுக்குத் தெரியும். சின்னவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதல் மூணு பிள்ளையும் எனக்குத் தங்கவில்லை. மூத்தது நாப்பது நாளில் போனது. அடுத்தது பல் முளைக்கிறபோது வந்த காய்ச்சலில் போனது. மூணாவது ஆம்பளைப் புள்ளை. நடக்கப் பழகிவிட்டான். நான் நாத்து நடும்போது வரப்பில் உட்கார்ந்துகொண்டு, அப்பன் கூப்பிடுவதைக் கேட்டு அவனும் "ஒச்சா, ஒச்சா" என்று கூப்பிடுவான். சேத்துக் கையோடு ஓடிப்போய் முத்தம் குடுத்துவிட்டு வருவேன். கூட நடுகிறவர்கள் ஏசுவாக. "நாத்த நடுறாளா, மகன நடுறாளா இவ!"

அவனும் போனான். அதே பொம்பளைகள் வாய்க்கால் கரையில் வேற மாதிரிப் பேசினாக. "இப்படித் தூக்கி வச்சுக் கொஞ்சினா எந்தச் சாமிக்குத்தான் பொறுக்கும்? பெத்தவ கண்ணே பட்டுருச்சு."

அதை நான் நம்பினேன். வைத்தியர் ஒரு காரணமும் சொல்லவில்லை. இவர்கள் ஒன்று சொன்னார்கள். அதை எடுத்துக்கொண்டேன்.

நாலு வருசம் கழித்து இந்தப் பொம்பளைப் புள்ளை பிறந்தது. என் மாமியார் கோடாங்கியிடம் போனாக. கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி பார்த்து ரெண்டு காரியம் சொன்னார். புள்ளையைத் தவிட்டுக்குக் குடுத்துவிடணும். அஞ்சு வயசு முடிகிற வரைக்கும் அதை மகளே என்று கூப்பிடக் கூடாது, உன் புள்ளை என்று சாமி கண்ணுக்குத் தெரியக் கூடாது.

பாத்துமா பக்கத்து ராவுத்தர் தெருவில் இருந்தாக. ஒன்பது பெத்து ஒன்பதும் நின்ற வயிறு. புள்ளை தங்காதவர்கள் அப்படிப்பட்ட கையைத்தான் தேடிப் போவோம். அவுக ஓதுகிறது வேற, நாங்கள் கும்பிடுகிறது வேற என்று அன்னைக்கு யாரும் யோசிக்கவில்லை. பதினோராம் நாள் புள்ளையைச் சொளகில் போட்டு அவுக வாசலில் வைத்தேன். ஒரு படி தவிட்டை என் முந்தானையில் கொட்டிவிட்டு, பாத்துமா தெருவே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டாக.

"ஏலே, எல்லாரும் பாத்துக்கங்க! இது இனிமே என் புள்ள! தவிட்டுக்கு வாங்கியிருக்கேன்!"

பிறகு குனிந்து என் காதில், "சாமிக்குக் கேட்டுருக்கும்ல? இல்ல இன்னொருக்காக் கத்தவா?" என்றாக.

மூணு நாள் வைத்திருந்து கொண்டுவந்தாக. "என் புள்ளைய வளத்துக் குடு, ஒச்சா" என்று என் மடியில் போட்டாக. தவிட்டை எருமை தின்றது. புள்ளைக்குத் தவிட்டம்மாள் என்று பேர் வைத்தோம்.

3

நம்ம பக்கம் இப்படிப்பட்ட புள்ளை தெருவுக்கு ஒன்று உண்டு. அதுகளைப் பெத்தவர்கள் வாசலில் நாலு பேர் கேட்க, "இது எந்த வீட்டுச் சனியனோ" என்று திட்டுவாக. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சுவாக. நான் அப்படிச் செய்யவில்லை. எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிறவள் இல்லை நான். கதவு சாத்தினாலும் சாமிக்குத் தெரியாதா?

தொட்டிலில் கிடந்து அழும். நான் வாசலில் விளக்குமாத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பால் சுரந்து சேலை நனைந்து வயிறுவரைக்கும் இறங்கும். போக மாட்டேன். அழுகை விக்கலாகி, விக்கலும் ஓய்ந்த பிறகுதான் உள்ளே போவேன். பால் குடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன். அது என் முகத்தைப் பார்க்கும். நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பால் குடிக்கிற புள்ளை எப்படிப் பார்க்கும் என்று பெத்தவர்களுக்குத் தெரியும். நான் எழுதத் தேவையில்லை.

என் வீட்டுக்காரர் ஒருநாள் மனசு கேட்காமல் தூக்கிவிட்டார். "இறக்குங்க. இதையும் குழியில வைக்கணுமா?" என்றேன். அப்புறம் அவர் தூக்கவில்லை.

பாத்துமா மட்டும் தினம் வந்து தூக்கிக்கொண்டு போவாக. தலையில் எண்ணெய் வைத்து, முதுகைத் தடவி, வாய்க்கு வந்ததைப் பாடி, பசித்தால் என்னிடம் கொண்டுவந்து குடுப்பாக. ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாக.

"ஏத்தா ஒச்சா, சாமிய ஏமாத்தத்தான் இம்புட்டுக் கூத்தும். நீ புள்ளையப் போட்டு ஏமாத்துறியே."

"ஒன்பதும் நின்னவளுக்கு என்னக்கா தெரியும்? மூணப் புதைச்சவளுக்குத்தான் தெரியும்."

அவுக புள்ளையை இடுப்பில் ஏத்திக்கொண்டு போய்விட்டாக. அந்தப் பேச்சில் நான் ஜெயித்ததாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

ரெண்டு வயசில் தவிட்டம்மாள் அழுவதை நிறுத்திவிட்டாள். விழுந்தால் தானே எழுந்திருப்பாள். முட்டியில் ரத்தம் வந்தால் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வாள். நான் களை எடுக்கப் போகும்போது மத்தப் புள்ளைகள் சேலையைப் பிடித்துத் தொங்கும், இவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நேரே ராவுத்தர் தெருவுக்கு நடந்துவிடுவாள். "ஒச்சம்மா புள்ள மாதிரி இருக்கணும், தொந்தரவே கிடையாது" என்று ஊர் மெச்சியது. தலை நிமிர்ந்து நடந்தேன்.

அவளுக்கு மூணு வயசில் என் மூத்த மகன் பிறந்தான். பெண்ணு தங்கிவிட்டது, சாமி கோபம் தீர்ந்தது, இவனுக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை என்று கோடாங்கி சொல்லிவிட்டார். மூணு வருசம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அவன்மேல் கொட்டினேன். கன்னத்தைக் கடித்தேன், காலை முகர்ந்தேன். தவிட்டம்மாள் கதவுநிலையில் சாய்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் வர மாட்டாள். பொறாமையாவது படுகிறாளா என்று பார்ப்பேன். அதுவும் தெரியாது.

அஞ்சு வயசு முடிந்தது. பாத்துமாவிடம் ஒரு படி தவிட்டைத் திருப்பிக் குடுத்து, சாமிக்குப் பொங்கல் வைத்தோம். ஊர்ச்சனம் சுத்தி நிற்க, கோடாங்கி, "இப்பக் கூப்பிடு, தாயி" என்றார். "மகளே, வாடி" என்றேன். அவள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேற யாரையோ கூப்பிடுகிறேன் என்று. எல்லாரும் சிரித்தாக. நானும் சிரித்தேன்.

4

ரெண்டு வருசம் எங்கள் கடைமடைக்குத் தண்ணி வரவில்லை. குத்தகை நிலம் கை மாறிப் போனது. கங்காணி வந்து இலங்கையில் வேலை இருக்கு என்றார். கிளம்பின அன்னைக்குக் காலையில் தவிட்டம்மாளைக் காணோம். பாத்துமா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து இருந்தாள். அவுகளே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாக. வழி நெடுகக் குனிந்து அவள் காதில் என்னமோ சொல்லிக்கொண்டே வந்தாக. வண்டி நகர்ந்தபோது பாத்துமா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாக. புள்ளை அழவில்லை.

மண்டபம் காம்பில் கப்பலுக்கு முன்னால் எல்லாருக்கும் அம்மை ஊசி போட்டாக. அத்தனை புள்ளைகளும் ஆத்தாமார் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறுது. தவிட்டம்மாள் தானாக முன்னால் போய்க் கையை நீட்டினாள். குத்துகிறபோது ஊசியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். டாக்டர், "நல்லா வளத்திருக்கீங்க" என்றார். அவளைப் பெத்ததுக்கு நான் பட்ட பெருமையிலேயே பெரிய பெருமை அதுதான். கடல் தாண்டுகிற வரைக்கும் கூட வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

அந்தப் பார்வையை இப்போது எழுதும்போது நினைக்கிறேன். அன்னைக்கு நான் டாக்டர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இங்கன வந்த பிறகு என் கடைசி மகள் பிறந்தாள். புள்ளைகள் வளர்ந்து ஆளுக்கு ஒரு திசையில் போனதுகள். மூத்த மகன் கொழும்புத் துறைமுகத்தில் இருக்கிறான், வீட்டுக்காரியோடு சிங்களம் பேசுகிறான். அடுத்தவன் லாரி ஓட்டுகிறான், ஊர்ப் பேரைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வான். கடைசி மகளை வேற தோட்டத்தில் கட்டிக் குடுத்தேன். நான் "வந்தாக, போனாக" என்று பேசினால் என் பேத்தியே பழிப்புக் காட்டுகிறாள். ஆனாலும் அந்த மூணு பேரும் ஒரு காய்ச்சல் என்றால், ஒரு சண்டை என்றால், ரயிலேறி வந்து என் வீட்டில் ரெண்டு நாள் படுத்துவிட்டுப் போவார்கள். மீசை வைத்த மகன் என் மடியில் தலை வைத்துப் படுப்பான்.

தவிட்டம்மாள் நாலு வீடு தள்ளித்தான் இருந்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்கே வந்தாள். காய்ச்சல் என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள், மருமகன் வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். வேணும் என்றால் "இந்தா" என்பாள்.

போன வருசம் ஊரிலிருந்து கடுதாசி வந்தது, பாத்துமா மவுத்தாகிவிட்டாக என்று. தண்ணிக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, குடம் நிறைந்து வழிய வழிய நின்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அவள் வளர்ந்த பிறகு அதுதான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் போகவில்லை.

5

பிள்ளைக்காம்பராவில் மத்தியானம் சங்கு ஊதினதும் தாய்மார் பால் குடுக்க ஓடி வருவாக. அந்த நேரத்தில் நான் புள்ளைகளைத்தான் பார்ப்பேன். காலையிலிருந்து சிரித்து விளையாடின புள்ளை, ஆத்தாள் குரல் கேட்டதும் அடி வாங்கினதுபோல அலறும். இடுப்பில் ஏறின மாத்திரத்தில் அழுகை நின்று, திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கும். அந்த வீட்டைப் பத்தி எனக்குக் கவலை இல்லை. இன்னொருத்தி இருக்கிறாள், ஒருநாள் கடித்துத் தின்கிற மாதிரிக் கொஞ்சுவாள், ஒருநாள் முதுகில் ரெண்டு அடி வைப்பாள். அவள் மகன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டே முகத்தில் அடிப்பான், முடியைப் பிய்ப்பான், விடவும் மாட்டான். பாவம், இன்னைக்கு எந்த ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது.

சில புள்ளைகள் வாசல் பக்கமே திரும்பாது. தாய் வந்து நிற்பாள். அது கையில் இருக்கிற தகர மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருக்கும். துரைசானி பார்வையிட வந்தால் அதைத்தான் காட்டி, நல்ல புள்ளை, சமர்த்து என்று சொல்லிவிட்டுப் போவாக. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

தவிட்டம்மாளின் கடைசிப் பையனுக்குப் பதினோரு மாசம். அவன் அந்த மாதிரி.

ஆபீசுக்குப் போய் வந்த மறுநாள் மத்தியானம் அவள் வந்தாள். மகன் தலையைத் தூக்கவில்லை. எடுத்துப் பால் குடுத்தாள், வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனும் கூரைத் தகரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

"கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கிட்டு இரேன்டி" என்றேன்.

"வச்சு?"

"மூஞ்சியப் பாக்குறான்ல. சிரியேன்."

"சிரிச்சா?"

"இதென்னடி கேள்வி? பெத்த புள்ளையப் பாத்துச் சிரிக்கிறதுக்குக் காரணமா சொல்லுவாக?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குத்திக் காட்டுகிற முகமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்கிற முகம். "தொட்டில்ல போட்டா தானாத் தூங்கிருவான். தொந்தரவு இல்லாத புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்கு எந்தக் கோடாங்கியும் எதையும் சொல்லவில்லை. புள்ளையை வேளைக்குக் குளிப்பாட்டுகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள், ஒரு குறை சொல்ல முடியாது. கொஞ்சத் தெரியாது, அவ்வளவுதான். அவள் மூத்த பெண்ணு பாக்கியமும் அப்படி வளர்ந்ததுதான். அதைத் தூக்கி வைத்துக்கொள்ள நான் இருந்தேன். இவனையும் தூக்குகிறேன். ஆனால் பேரனைத் தூக்குகிற கை மகளைத் தூக்கினதாக ஆகுமா?

6

இந்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை மறுபடியும் ஆபீசுக்குப் போனோம். மருமகன் வழியெல்லாம் அவளிடம் கெஞ்சினான். "ஒரு பேருதானே, சொல்லிட்டு வந்துரு புள்ள." அவள் தலையை ஆட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

"அம்மா பேரு?" என்று குமாஸ்தா கேட்டார்.

அவர் ரெண்டு தரம் கேட்டார். வரிசையில் சலசலப்பு. அப்போது நான் முன்னால் போனேன். இருபத்திரண்டு வருசம் இந்தத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். மூணு புள்ளை செத்ததைச் சொன்னேன். ஒரு படி தவிட்டுக்கு இவளைக் குடுத்ததைச் சொன்னேன். அஞ்சு வருசம் மகளே என்று கூப்பிடாததைச் சொன்னேன். "இவ பொய் சொல்லலய்யா. பெத்தவ நான். வளத்தவ அவ" என்றேன்.

பின்னால், "தவிட்டுக்கா? நம்ம ஒச்சம்மாளா?" என்று ஒரு பொம்பளை கேட்டது காதில் விழுந்தது. நம்ம ஒச்சம்மாள் என்றதில் இருந்த சந்தோசமும் விழுந்தது. என் வாயைக் கண்டு பயந்து கிடந்தவள் அவள்.

குமாஸ்தா சிரிக்கவில்லை. கடுதாசியைத் தட்டிக் காட்டினார். "இதுல ஒரு கட்டம்தான் இருக்கு. ஒரு பேருதான் எழுதலாம்."

தவிட்டம்மாள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். "ஒச்சம்மான்னு எழுதுங்க" என்று கைநாட்டு வைத்துவிட்டு எனக்கு முன்னால் வெளியே போய்விட்டாள்.

மருமகன் பஸ் விசாரிக்கப் போனான். நாங்கள் ரெண்டு பேரும் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தோம். அவளுக்கு நான் பட்ட பாட்டைச் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். "உனக்கு இந்தக் கதை எல்லாம் தெரியாது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"பாத்துமாம்மா. கிளம்புன அன்னைக்கு, வண்டிக்கு வர்ற வழியில. 'உங்க ஆத்தா உன் உசுருக்குப் பயந்துதான் அப்படி இருந்தா. இப்பக் கெடு முடிஞ்சுபோச்சு. இனிமே உன்னைத் தூக்கிக்கிருவா, பயப்படாமப் போ'ன்னு சொல்லுச்சு."

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

"கெடு அஞ்சு வயசோட முடிஞ்சுபோச்சுல்ல? எனக்கு அப்ப ஏழு. மண்டபத்துல பாத்துக்கிட்டே இருந்தேன். கப்பல்ல பாத்தேன். இங்கன வந்தும் பாத்தேன். எது வரைக்கும் பாத்தேன்னு ஞாபகம் இல்ல." அவள் குரல் ஏறவே இல்லை. "அதுக்கு அப்புறமும் ஏன் தூக்கல? அத மட்டும் சொல்லு."

பஸ் வந்துவிட்டது. எழுந்து ஏறிவிட்டேன்.

7

அதுக்குப் பதில்தான் இது. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பொங்கல் வைத்த அன்னைக்கே என்னால் தூக்கியிருக்க முடியும். முதலில் பயம் போகவில்லை. அதற்குப் பிறகு பயம் இல்லை, கூச்சம். அஞ்சு வருசம் ஆசையாகத் தொடாத புள்ளையை எப்படித் தொடுவது என்று கைக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் தூக்கப்போய் அது விலகிவிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்று இருந்தது. அப்புறம் ஒரு நினைப்பு வந்தது. பெத்தவள் நான், உசிரைக் காப்பாத்தினவள் நான், அவளே முதலில் வரட்டும். ஏழு வயசுப் புள்ளையோடு நான் வீம்பு பிடித்தேன். அதுதான் நிஜம். சாமி மேலும் கோடாங்கி மேலும் போட்டு இத்தனை வருசம் மறைத்தேன்.

நம்ம ஊரில் இன்னமும் தவிட்டுக்குக் குடுக்கிறாக என்று கேள்விப்படுகிறேன். குடுங்க. புள்ளையைச் சாகக் குடுத்தவள் எதை வேணும் என்றாலும் செய்வாள், அவளைத் தடுக்க நான் யார்? ஆனால் புள்ளை திரும்பி வந்த அன்னைக்குச் சாயந்திரமே மடியில் போட்டு அதன் முகத்தைப் பாருங்க. அழுதால் போங்க. அழாமல் கிடக்கிற புள்ளையை யாராவது மெச்சினால் தலை நிமிராதீங்க, ஓடிப்போய்த் தூக்குங்க.

என் மகள் உசிரோடு இருக்கிறாள். நான் செய்ததால்தான் இருக்கிறாளா, செய்யாமல் இருந்தாலும் இருந்திருப்பாளா, எனக்குத் தெரியாது. அதை அறிந்து சொல்ல ஆள் கிடையாது.

எழுதி முடிக்கப் பதினாறு நாள் ஆகியிருக்கிறது. என் எழுத்தை எனக்கே திரும்பப் படிக்க முடியவில்லை. இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை, மலையில் வேலை இல்லை. பேத்தி பாக்கியம் பக்கத்தில்தான் உட்கார்ந்து இருக்கிறாள். ஒன்பது வயசு, நல்லாப் படிப்பாள். அவளுக்குச் சொல்கிறதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன், முதலில் மனசுக்குள் படித்து இந்த இடத்துக்கு வந்து சேருகிறபோது அவளே தெரிந்துகொள்ளட்டும்.

பாக்கியம், ஊருக்கு அனுப்புறதுக்கு முந்தி இத இன்னொருக்கா எனக்குப் படிச்சுக் காட்டு, தாயி. முதல்ல இருந்து படி. இந்தச் சுவரு கூரை வரைக்கும் கட்டலை, இங்கன பேசுறது அங்கன கேட்கும். உங்க ஆத்தா அங்கன அம்மியில அரைச்சுக்கிட்டு இருக்கா. நல்லாச் சத்தமாப் படி. அம்மிச் சத்தம் நின்னாலும் நீ நிறுத்தாத.